மூடப்படாத பதிவேடுகள்



பெங்களூர் ஒக்கலிபுரத்தில் மருத்துவமனையைப் பற்றிப் பேச வருகிறவர் ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். ராஜா மில், மினர்வா மில், பின்னி மில் என்று இந்தப் பகுதியைச் சுற்றி ஆலைகள் ஓடிய காலத்தில், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து குடியேறிய நம் முன்னோருக்கு வைத்தியம் என்றால் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி, பெரிய வியாதி என்றால் ராஜாஜிநகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. 1948இல் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய திட்டம் அது. ஆலைகள் மூடிவிட்டன, ராஜா மில் இருந்த இடத்தில் மந்திரி மால் நிற்கிறது. ஆனால் ஆலைக்குப் போனவர்களின் பேத்திகள் பீனியாவிலும் மைசூர் சாலையிலும் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் அவர்களுக்கும் அதே ஈ.எஸ்.ஐ.தான். சம்பளத்தில் 0.75 சதவீதம் அவர்கள் கட்டுகிறார்கள், 3.25 சதவீதம் முதலாளி கட்டுகிறார்.

இந்த ஈ.எஸ்.ஐ. கழகம் 2009இல் தன் காகிதங்களைக் கணினிக்கு மாற்ற ஒரு பெருந்திட்டம் தொடங்கியது. பஞ்ச்தீப் என்று பெயர், ஐந்து விளக்குகள். பணியை எடுத்தது நம் ஊர் விப்ரோ. ஒப்பந்தத் தொகை 1,000 கோடி ரூபாய்க்கு மேல். மருத்துவமனைப் பகுதிக்குத் தன்வந்திரி, தொழிலாளியின் அடையாள அட்டைக்குப் பெஹ்சான் என்று ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பெயர் சூட்டினார்கள். பெஹ்சானில் ஓர் அருமையான எண்ணம் இருந்தது. தொழிலாளிக்கு ஓர் அட்டை, குடும்பத்துக்கு இன்னோர் அட்டை. பெங்களூரில் வேலை செய்பவரின் மனைவி மக்கள் ஆம்பூரில் இருந்தால், அங்குள்ள டிஸ்பென்சரியில் அந்த இரண்டாவது அட்டையைக் காட்டி மருந்து வாங்கிக்கொள்ளலாம். இதற்காக விரல்ரேகை எடுத்து, சிப் வைத்து அட்டை செய்தார்கள். பின்னாளில் அந்த அட்டை வழக்கொழிந்தது. இப்போது இணையத்திலிருந்து அச்சிட்டு எடுக்கும் இ-பெஹ்சான் தாளே போதும். சிப் போயிற்று, பத்து இலக்கக் காப்பீட்டு எண் நின்றது. தொழிலாளிக்குத் தேவைப்பட்டதும் அதுதான்: ஓர் எண், எந்த ஊர்க் கவுன்டரிலும் அந்த எண்ணைக் கொண்டு அவரை அடையாளம் காணும் வசதி. திட்டத்தில் விலை உயர்ந்த பகுதி எது, பயன் தரும் பகுதி எது என்பதை முதல் நாளே பிரித்துப் பார்க்காவிட்டால், காலம் பிரித்துக் காட்டும். அதற்குள் செலவு நடந்து முடிந்திருக்கும்.

மருத்துவமனைகளில் கணினித் திட்டங்களை நடத்துவது என் தொழில். அதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. மருத்துவமனைக்குக் கணினி கொண்டுவருவது என்பது, அடிப்படையில், எழுத்து வேலையைப் புதிதாகப் பங்கிடுவது. யார் எழுதுகிறார், எத்தனை முறை எழுதுகிறார், எழுதியதை யார் படிக்கிறார் என்பதை மாற்றாத திட்டம் எத்தனை கோடியில் நடந்தாலும் தோற்றுப்போகும். புதிய என்ட்ரி ஒன்று வரும்போது பழைய பதிவேடு ஒன்று மூடப்பட வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலான திட்டங்களில் புதியது வருகிறது, பழையது மூடப்படுவதில்லை.

ஒரு நோயாளி படுக்கையில் சேர்ந்தால் அவர் பெயர் எத்தனை இடத்தில் எழுதப்படுகிறது என்று பாருங்கள். ஓ.பி. சீட்டு, ஓ.பி. ரிஜிஸ்டர், அட்மிஷன் புத்தகம், கேஸ் ஷீட், வார்டின் பெயர்ப் பதிவேடு, லேபுக்குப் போகும் சீட்டு, லேபில் இருக்கும் ரிஜிஸ்டர், எக்ஸ்ரே புத்தகம், மருந்துக்கான இன்டென்ட், ஊசி போடும் புத்தகம், டயட் ஷீட், நர்ஸ்கள் ஷிப்ட் மாறும்போது ஒப்படைக்கும் ரிப்போர்ட் புத்தகம், கடைசியில் டிஸ்சார்ஜ் சம்மரி. அடிதடி, விபத்து என்றால் எம்.எல்.சி. எனும் மருத்துவ-சட்ட வழக்குப் பதிவேடு தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கிறது. ஆனால் ஒரே பெயரையும் வயதையும் வெவ்வேறு கைகள் வெவ்வேறு விதமாகத் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. கணினியின் முதல் வேலை இதை ஒரு தடவையாக ஆக்குவது. அதைச் செய்தால் ஊழியர்கள் நன்றியோடு ஏற்றுக்கொள்வார்கள். செய்யாவிட்டால் அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

நான் வேலை பார்த்த மருத்துவமனை ஒன்றில் வார்டுதோறும் கணினி வைத்தாயிற்று. காய்ச்சல், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் கணினியில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. காகித சார்ட்டையும் நிறுத்தக் கூடாது என்று இன்னோர் உத்தரவு. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கட்டிலின் தலைமாட்டில் சார்ட் இருக்க வேண்டுமாம். இரவுப் பணி நர்ஸ்கள் என்ன செய்தார்கள்? நோயாளியின் பக்கத்தில் துண்டுத்தாளில் குறித்தார்கள். பிறகு சார்ட்டில் எழுதினார்கள். விடியற்காலையில் எல்லாவற்றையும் மொத்தமாகக் கணினியில் ஏற்றினார்கள். இரவு முழுவதும் தனித்தனி நேரங்களில் எடுத்த அளவுகள் கணினியில் ஒரே நேர முத்திரையோடு நின்றன. அறிக்கையைப் பார்த்த நிர்வாகம் நர்ஸ்களுக்குப் பயிற்சி போதவில்லை என்று முடிவு கட்டியது. பயிற்சிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒருத்தியிடம் ஒரே வேலையை மூன்று முறை வாங்கினார்கள், அவ்வளவுதான்.

எழுத்து கூலிக்குரிய வேலை என்பது பெங்களூருக்குத் தெரியாததல்ல. 1990களின் கடைசியில் இங்கே மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. அமெரிக்க டாக்டர் பேசிப் பதிவு செய்ததை நம் பிள்ளைகள் காதில் ஹெட்போன் மாட்டித் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். 2009இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றி, மின்னணுப் பதிவுக்கு மாறும் மருத்துவமனைகளுக்கு மானியம் கொடுத்தது. டாக்டர்கள் திரையைப் பார்த்தே தட்டச்சு செய்ய வேண்டியதாயிற்று. நோயாளியின் முகத்தைப் பார்க்க நேரமில்லை என்ற முறையீடு எழுந்தது. விளைவாக, டாக்டர் பேசப் பேசப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதும் ‘ஸ்கிரைப்’ என்றொரு வேலையே அங்கே பெருகியது. எழுதுவதற்கு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும் என்று அங்கே கணக்குப் போட்டார்கள். நம் திட்ட அறிக்கைகளின் செலவுப் பட்டியலில் சர்வருக்கு ஒரு வரி உண்டு, லைசென்ஸுக்கு ஒரு வரி உண்டு. எழுதுகிற கைக்கு ஒரு வரியும் கிடையாது. அது ஏற்கெனவே இருக்கும் ஊழியரின் தலையில் இலவசமாக ஏற்றப்படுகிறது.

அப்படி ஏற்றப்பட்டவர்களில் கடைசிப் படியில் நிற்பவர்கள் ஆஷா எனப்படும் சுகாதாரப் பணியாளர்களான பெண்கள். 2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு தொடங்கிய ஏற்பாடு. கர்நாடகத்தில் மட்டும் ஏறத்தாழ 42,000 பேர். அவர்களுக்கு நிரந்தரச் சம்பளம் கிடையாது. மாநில அரசு தரும் மதிப்பூதியம் போக, செய்த வேலைக்கு ஊக்கத்தொகை. கர்ப்பிணியைப் பதிவு செய்தால் இவ்வளவு, தடுப்பூசிக்கு அழைத்துப் போனால் இவ்வளவு. இந்த ஊக்கத்தொகையைத் தாய்சேய் நலத்துக்கான ஆர்.சி.எச். போர்ட்டலில் ஏறும் தகவலோடு இணைத்தார்கள். காகிதத்தில் பார்த்தால் நல்ல யோசனைதான், ஊழலுக்கு இடமில்லை. ஆனால் வீடு வீடாக நடப்பவர் ஆஷா. போர்ட்டலில் ஏற்றுவது வேறு ஊழியர். அந்த என்ட்ரி விடுபட்டாலோ தாமதமானாலோ நடந்தவளுக்குக் காசு இல்லை. 2025 ஜனவரியில் குளிரில் ஆயிரக்கணக்கான ஆஷா பெண்கள், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் சுதந்திரப் பூங்காவில் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். மாதம் 15,000 ரூபாய் மதிப்பூதியம் என்பதோடு, போர்ட்டலிலிருந்து ஊக்கத்தொகையைப் பிரிக்க வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. ஒரு மென்பொருளின் வடிவமைப்பை எதிர்த்து உழைக்கும் பெண்கள் திறந்தவெளியில் உட்கார்ந்த போராட்டம் அது. நம் மென்பொருள் நகரம் அதை ஊதியப் போராட்டமாக மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தது எனக்கு இன்றும் வருத்தம். வேலை செய்பவர் ஒருவர், பதிபவர் இன்னொருவர், பதிவுக்கேற்ப கூலி முதலாமவருக்கு என்று ஒரு முறையை அமைத்தால், அது அநியாயமாகத்தான் முடியும். இதைச் சொல்லக் கணினி அறிவு தேவையில்லை.

என்ட்ரி தாமதமானால் கூலி மட்டும் போவதில்லை. 2021 ஏப்ரல், மே மாதங்களை இந்தத் தெருக்களில் யாரும் மறந்திருக்க முடியாது. கொரோனா இரண்டாம் அலை. பெங்களூரில் அரசு ஒதுக்கும் படுக்கை கிடைக்க பி.யு. நம்பர் என்ற நோயாளி எண் வேண்டும். பரிசோதனை முடிவு லேபிலிருந்து ஐ.சி.எம்.ஆர். போர்ட்டலில் ஏறி, அங்கிருந்து மாநிலத்துக்கு வந்து, பட்டியலில் சேர்ந்தால்தான் அந்த நம்பர் பிறக்கும். லேபில் குவிந்திருந்த மாதிரிகளுக்கு முடிவு வரவே நாட்கள் ஆயின. மூச்சுத் திணறுகிறது, சி.டி. ஸ்கேனில் நுரையீரல் பாதிப்பு தெரிகிறது, ஆனால் நம்பர் இல்லை. நம்பர் இல்லாதவர்களுக்கு மாற்றுவழி ஒன்றை அரசு அறிவித்திருந்தும், போன் எடுத்தவர்கள் பலர் நம்பரைத்தான் கேட்டார்கள். மாநகராட்சியின் எட்டு மண்டலங்களிலும் வார் ரூம். 1912க்குப் போன் போட்டு வரிசையில் நிற்க வேண்டும். மே மாதத் தொடக்கத்தில், வீட்டில் தனிமையில் இருப்போர் பெயரில் படுக்கைகள் பதிவாகின்றன என்ற குற்றச்சாட்டு எழுந்து, போலீஸ் வழக்காகவும் ஆயிற்று. அதன் பிறகு மென்பொருளைத் திருத்தினார்கள்.

அந்த நாட்களில் இரவும் பகலும் உழைத்த தன்னார்வலர்களையும் அரசு ஊழியர்களையும் குறைத்துப் பேச மாட்டேன். மத்தியப் படுக்கை ஒதுக்கீடு என்ற எண்ணமும் சரியானது. அது இல்லாமல் பணம் உள்ளவர் மட்டும் படுக்கை பிடித்திருப்பார். பிழை எங்கே என்றால், ஒரு நோயாளியின் உயிர் நான்கு இடங்களில் நான்கு பேர் செய்ய வேண்டிய என்ட்ரியின் கடைசியில் கட்டி வைக்கப்பட்டிருந்தது. சங்கிலியின் ஒரு கண்ணி தாமதித்தால் என்ன செய்வது என்ற விதியைக் கவுன்டரில் இருப்பவர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். கணினியில் பெயர் இல்லாத நோயாளி வரும் அந்த நேரத்துக்கான விதியே மருத்துவமனைத் திட்டத்தில் முதலில் எழுத வேண்டிய விதி.

இன்னொரு சிக்கல், நம் குடும்பங்களுக்கே உரியது. பெங்களூரில் கருத்தரித்த பெண்ணுக்கு இங்கே தாயி கார்டு எனும் கர்ப்பகால அட்டை தருகிறார்கள். தலைப்பிரசவத்துக்கு அவள் திருப்பத்தூரோ வாணியம்பாடியோ தாய்வீடு போகிறாள். தமிழ்நாட்டில் 2017 முதல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்குப் பிக்மி எனும் கர்ப்பிணிப் பதிவில் வரும் ஆர்.சி.எச். எண் வேண்டும். கர்ப்பிணிகள் எல்லோரும் அரசின் கண்ணில் பட வேண்டும், ஒரு தாயும் விடுபடக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் பிறந்த விதி. தாய்சேய் நலத்தில் தமிழ்நாடு முன்னணியில் இருப்பதில் இத்தகைய கண்காணிப்புக்குப் பங்கு உண்டு. ஆனால் எட்டாம் மாதம் பஸ் ஏறிப் போனவளுக்கு அங்கே மறுபடியும் பெயர், வயது, கணவர் பெயர், கடைசி மாதவிலக்கு நாள். பெங்களூரில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு அவள் கைப்பையில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் மறுபடி ஊசி. மாநில எல்லையைத் தாண்டித் தாய்வீடு போவது நம்மிடையே எத்தனை தலைமுறைப் பழக்கம்! அது வடிவமைப்பாளர்களின் கணக்கில் வரவில்லை. எல்லையில் அத்திப்பள்ளி தாண்டினால் அவள் புது ஆள்.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். படிவம் கடைசிப் பெயர் கேட்கும். ஒருவர் தந்தை பெயரை எழுதுவார், இன்னொருவர் ஒற்றை எழுத்தைத் தட்டுவார். எழிலரசி ஒரு கவுன்டரில் ஒருவிதமாகவும் அடுத்ததில் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் ஏறுவாள். ஒரே பெண்ணுக்கு இரண்டு எண், இரண்டு கோப்பு. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு ஒரு கோப்பில் இருக்கும், ஊசி எழுதும் டாக்டர் மற்றதைத் திறந்திருப்பார். இரட்டைப் பதிவுகளைத் தேடி இணைக்க ஒவ்வொரு மருத்துவமனையிலும் பெயர் குறிப்பிட்டு ஓர் ஆளை நியமிக்க வேண்டும். இது உயிர் காக்கும் வேலை.

உலகத்தில் மருத்துவமனைக் கணினித் திட்டத்தைப் பெரிய அளவில் செய்து தோற்றது பிரிட்டன். 2002இல் தொடங்கிய தேசியத் திட்டம். இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் மேலிருந்து ஒப்பந்தம் போட்டு ஒரே சமயத்தில் கணினி. மதிப்பீடு 1,000 கோடி பவுண்டைத் தாண்டியது. 2011 செப்டம்பரில் அரசே அதைக் கலைத்தது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நேர் எதிராக நடந்தது. 1970களின் இறுதியில் அங்கங்கே டாக்டர்களும் நிரலாளர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தங்கள் வார்டுக்கு வேண்டியதைத் தாங்களே எழுதினார்கள். தலைமையகம் எதிர்த்தும், அந்த மென்பொருள் ‘விஸ்டா’ என்ற பெயரில் நாடு முழுவதும் பரவிப் பல பத்தாண்டு நின்றது. அதற்குப் பதிலாக விலைக்கு வாங்கிய புதிய அமைப்பை 2020இல் இறக்கத் தொடங்கி, பாதுகாப்புக் குறைகள் வந்ததால் 2023இல் விரிவாக்கத்தை நிறுத்தி வைத்தார்கள்.

இப்படி உடனிருந்து எழுதுவதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் கனியாரி என்ற கிராமத்தில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற மருத்துவமனை ஏழைப் பழங்குடி மக்களுக்காக நடக்கிறது. தாட்வொர்க்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் அங்கே போய், டாக்டர்களோடும் லேப் ஊழியர்களோடும் இருந்து, ஓபன்எம்.ஆர்.எஸ். என்ற திறந்த மென்பொருளின் மேல் ‘பாஹ்ம்னி’யைக் கட்டினார்கள். இன்று நேபாளம், வங்கதேசம் உட்படப் பல நாடுகளில் அது ஓடுகிறது. மூலநிரல் யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து கிடக்கிறது. சிறிய மருத்துவமனை நடத்துவோர் லட்சக்கணக்கில் லைசென்ஸ் வாங்கும் முன் இதைப் பார்க்க வேண்டும்.

எழுத்தை உண்மையில் குறைத்த ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2022 அக்டோபரில் டில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கிய ‘ஸ்கேன் அண்ட் ஷேர்’. ஓ.பி. கவுன்டரில் க்யூ.ஆர். குறியீடு, ஆபா எனும் தேசிய சுகாதார அடையாள எண் உள்ள நோயாளி தன் போனில் ஸ்கேன் செய்தால் பெயர், வயது, முகவரி தானாகவே கவுன்டருக்குப் போய்ச் சேரும், டோக்கன் போனுக்கு வரும். பெங்களூர் அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இப்போது நடைமுறையில் இருக்கிறது. கிளார்க் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, பெயர்ப் பிழையும் குறைகிறது. என் அளவுகோலில் இது தேறிய திட்டம். ஒரு நிபந்தனையோடுதான்: வீட்டுக்கு ஒரே ஸ்மார்ட்போன், அதுவும் மகன் கையில் என்றிருக்கும் பாட்டிக்கு, போன் இல்லாத வரிசை அதே வேகத்தில் நகர வேண்டும்.

பழைய பதிவேட்டை மூடுவது பற்றிச் சொன்னால் எதிரில் வரும் முதல் கேள்வி, சர்வர் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்பது. நியாயமான கேள்வி. 2022 நவம்பர் 23 காலையில் டில்லி எய்ம்ஸின் சர்வர்களை இணையத் திருடர்கள் பூட்டினார்கள். ஏறத்தாழ இரண்டு வாரம் அந்தப் பெரிய மருத்துவமனை கையெழுத்தில் ஓடியது. அவசரத்துக்கான காகிதம் ஒவ்வொரு வார்டிலும் சீல் வைத்த பெட்டியில் இருக்க வேண்டும். மாதம் ஒரு நாள் கணினியை நிறுத்தி அதில் பழக வேண்டும். பிறகு அந்தத் தாள்களைக் கணினியில் ஏற்றுவது யார் என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். அவசரக் காகிதம் வேறு, பயத்தினால் தினமும் எழுதும் இரண்டாம் பதிவேடு வேறு.

அடுத்த கேள்வி தணிக்கையும் கோர்ட்டும். ஸ்டோர் கணக்கைப் புத்தகத்தில் எழுதாவிட்டால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம், எம்.எல்.சி.யைக் கையால் எழுதாவிட்டால் நீதிமன்றம் ஏற்காது என்பார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000லேயே மின்னணுப் பதிவுக்குச் சட்ட மதிப்புக் கொடுத்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியமும் சான்றோடு வரும் மின்னணுப் பதிவை ஏற்கிறது. மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள் மருத்துவப் பதிவுகளைக் கணினியாக்க முயல வேண்டும் என்றே சொல்கின்றன. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவைக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. தடையாக நிற்பது பெரும்பாலும் பழைய சுற்றறிக்கை ஒன்று. அதை எழுதியவர் ஓய்வுபெற்றுப் போயிருப்பார். திட்ட மேலாளர் மென்பொருள் கம்பெனியோடு செலவிடும் நேரத்தில் பாதியைத் தணிக்கை அலுவலகத்திலும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும் செலவிட வேண்டும். எந்தப் பதிவேட்டைச் சட்டம் உண்மையிலேயே கேட்கிறது, எதைப் பழக்கம் கேட்கிறது என்று எழுத்தில் பதில் வாங்க வேண்டும். நான் பார்த்தவரை, திட்டங்கள் பிழைப்பதும் சாவதும் இந்தக் கடிதப் போக்குவரத்தில்தான்.

இந்த அவையில் ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள் பலர் இருக்கிறீர்கள். மருத்துவமனை நிர்வாகத்தில் இருப்பவர்களும் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மருத்துவமனைக்கான ஒப்பந்தம் உங்கள் மேசைக்கு வரும்போது, கூடவே ஓர் இணைப்பைக் கேளுங்கள். எந்தெந்தப் பதிவேடு எந்தத் தேதியில் மூடப்படும், மூடும் உத்தரவில் யார் கையெழுத்திடுவார் என்ற பட்டியல் அது. அந்தப் பட்டியலை வார்டு நர்ஸ்களும் கவுன்டர் கிளார்க்குகளும் படித்து ஒப்புக்கொள்ளும்வரை முதல் தவணைப் பணத்தை வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள்.